ஆய்வு ஆர்வங்கள், நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

பெயருக்கான கட்டத்தில் மட்டும் தடங்கல் இல்லை.
இஸ்மாலெப்பை ஸுனைதா,
சாய்ந்தமருது.

கல்வித் தகைமை:
பேராதனையில் மின்னியல்.
பிறகு மலேசியாவில் மருத்துவப் பொறியியல்,
ஆய்வுகூடக் குளிருக்கு
காலுறைக்கு மேல் காலுறை போட்டு
நான் படித்தது ஒளியை:
சிவப்பு எவ்வளவு தசைக்குள் போகும்,
அகச்சிவப்பு எவ்வளவு மீளும்,
குருதி எதைக் குடித்துவிட்டு எதை விடும்.

நடுவில் பதினொரு மாத இடைவெளி.
காரணம் கேட்கிறது படிவம்.
வாப்பாவின் சிறுநீரகம் என்று எழுதி
வெட்டி
'தனிப்பட்ட காரணம்' என்கிறேன்.
தனிப்பட்ட காரணம்
வாரத்தில் மூன்று நாள்
கல்முனை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது.
பக்கத்துப் பிளாஸ்டிக் கதிரையில் நான்.
அலாரம் அடித்தால் தாதி வருமுன்
அமுக்கமா காற்றுக்குமிழா என்று
திரையைப் படித்துச் சொல்லிவிடுவேன்.
எந்தச் சான்றிதழிலும் இல்லாத பாடநெறி அது.

இனி, ஆர்வங்கள்.

அதே வாட்டுக்கு ஒரு நாள்
மூச்சு முட்டிய புதுப்பெண்ணைத் தூக்கிவந்தார்கள்.
கலியாணம் முடிந்து இரண்டாம் நாள்.
விரலில் கிளிப்பை மாட்டினால்
திரையில் எண் இல்லை, இரண்டு கோடு.
அடுத்த விரல். கோடு.
பத்து விரலும் நுனிவரை கறுத்திருந்தன.
கால்விரலுக்குப் போனார்கள், அங்கேயும் பூவேலை.
கடைசியில் தாதி ஜிமிக்கியைக் கழற்றி
காதுச் சோணையில் மாட்ட
தொண்ணூற்றொன்று என்றது கருவி.
அதற்குள் நான் கதிரையை விட்டு எழும்பியிருந்தேன்.

மச்சாளின் கலியாணத்தில்
என் சின்னவிரலை வெறுமனே விட்டு
மோதிரவிரலுக்கு அரைத்த இலை,
நடுவிரலுக்குக் கடையில் வாங்கிய கறுப்புக் கோன்.
"என்னகா, பாதிக் கைக்குத்தான் காசு கிடைச்சிதா?"
சபையே சிரித்தது.
நான் குளியலறைக்குள் போய்
கதவைப் பூட்டி
மூன்று விரலையும் அளந்தேன்.
இலை குற்றமற்றது.
கோனில் என்ன கலந்திருந்ததோ
ஒளி அந்தப்பக்கம் வரவேயில்லை.

அதிலிருந்து விரல் கேட்டுத் திரிகிறேன்.
சம்மாந்துறை அரிசி ஆலையில் உமி படிந்தவை,
சீமெந்து தின்று ரேகை போன மேசனுடையவை.
மாளிகைக்காட்டில்
தங்கூசி அறுத்து அறுத்து
நுனியெல்லாம் தோலுக்கு மேல் தோலாகிப்போன
ஒரு மீன்பிடிகாரர்
கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.
"கைநாட்டா?"
இல்லை, ஒரு வெளிச்சம்தான்.
"கடன் ஏதும் எழுதியிருக்கா இதில?"
அவர் மனைவி ஒருமுறை அப்படித்தான் வைத்தாளாம்,
வாரக்கடன்காரன் நீட்டிய தாளில்.
சம்மதப்படிவத்தை மூன்று தடவை வாசித்துக்காட்டினேன்.
அதன் பிறகும்
பெருவிரலைத் தரவில்லை.
சுட்டுவிரலை மட்டும் தந்தார்.

இந்தக் கருவிக்கு எண்ணப் பழக்கிய விரல்கள்
யாருடையவை என்று
கையேட்டில் தேடினேன்.
'ஆரோக்கியமான தொண்டர்கள்' என்றிருக்கிறது.
அவர்கள் என்ன வேலை செய்தார்கள்,
எவரின் கலியாணத்துக்குப் போய்வந்தார்கள்,
ஒரு வரியும் இல்லை.

போனமுறை விண்ணப்பம் திரும்பிவந்தது.
மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்:
உள்ளூர்ப் பிரச்சினை, பரந்த முக்கியத்துவம் குறைவு.
அவருக்கு ஒரு பதில் எழுதி
நூற்றைம்பதைத் தாண்டிவிட்டேன்,
அழிக்கிறேன்.
கோன் போகிறது, ஜிமிக்கி போகிறது.
வாப்பா ஏற்கெனவே போய்விட்டார்.
மிஞ்சியது:
'தோல் மேற்பரப்பு வேறுபாடுகளின் கீழ்
ஒளிசார் குருதி ஒட்சிசன் அளவீட்டின் திருத்தம்.'

கரண்ட் போனது.
மடிக்கணினியில் இன்னும் பதினேழு சதவீதம்.
இடதுகையில் மாட்டியபடியே மறந்துபோன உணரி
இருட்டில் என் விரலைச்
சிவப்பாக எரியவைக்கிறது,
உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி.
ஒன்பது விரலால்தான்
இவ்வளவும் தட்டினேன் போலும்.

'சமர்ப்பி'யில் சுட்டி நிற்கிறது.
ஒட்சிசன் தொண்ணூற்றெட்டு.
நாடி நூற்றுநான்கு.
பழக்கதோஷத்தில் பக்கத்துக் கொப்பியில் குறிக்கிறேன்:
ஆய்வுக்குட்பட்டவர்
ஓய்வுநிலையில் இல்லை.